முதலில் போன்ழூர்: பிரான்ஸ் பயண நாட்குறிப்பு

வெள்ளிக்கிழமை, பாரிஸ்

மாமா குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. காலை ஏழரைக்கே வாசல்வரை வரிசை. வேலைக்கு ஓடுகிறவர்கள், பள்ளிப் பிள்ளையைக் கையில் பிடித்த தாய்மார், நாயோடு வந்த ஒரு முதியவர். எல்லாருக்கும் அவசரம். ஆனாலும் ஒருவர்கூட எடுத்த எடுப்பில் "ஒரு பகெத்" என்று கேட்கவில்லை. தம் முறை வந்ததும் விற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்து "போன்ழூர், மதாம்" (வணக்கம், அம்மா) என்கிறார்கள். அவரும் "போன்ழூர், முசியே" (வணக்கம், ஐயா) என்கிறார். அதன் பிறகுதான் ரொட்டிப் பேச்சு. கேட்கும்போது "சில் வூ ப்ளே" (தயவுசெய்து), வாங்கியதும் "மெர்சி" (நன்றி), கிளம்பும்போது "போன் ழூர்னே" (இந்த நாள் நன்றாக அமையட்டும்), கதவருகே "ஓ ரெவுவார்" (போய் வருகிறேன்). சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு ரொட்டிக்கு இவ்வளவும் உண்டு. பின்னால் நிற்கிறவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் அவர்களும் அதையே சொல்லப் போகிறார்கள்.

நம் ஊரில் "அண்ணே, அரைக் கிலோ தக்காளி கொடுங்கள்" என்றால் அந்த அண்ணேயிலேயே மரியாதை அடங்கிவிடுகிறது. தெரிந்த கடை என்றால் ஒரு புன்னகையும் தலையசைப்புமே போதும். இங்கே புன்னகை வணக்கத்தில் சேராது. வாய் திறந்து, எதிரில் இருப்பவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

மதியம் ஒரு மெட்ரோ நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுப் பயணி நின்றிருந்தார். நீண்ட பயணத்தின் களைப்பு முகத்தில் தெரிந்தது. ஜன்னலுக்குப் போனதும், விமான நிலையத்துக்கு எந்த ரயில் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் பதில் சொல்லாமல் "போன்ழூர்" என்றார். பயணி கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டார். மறுபடியும் நிதானமாக ஒரு "போன்ழூர்". அப்போதுதான் பயணிக்குப் புரிந்தது, அவரும் சொன்னார். அதன்பின் அந்த ஊழியர் அறையைவிட்டு வெளியே வந்து, வரைபடத்தில் விரல் வைத்து, எந்தப் படிக்கட்டு, எந்த நடைமேடை என்று பொறுமையாகக் காட்டினார். ஆங்கிலத்திலேயே காட்டினார். பாரிஸ்காரர்கள் அகந்தை பிடித்தவர்கள் என்று பயணிகள் சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சொல் விடுபட்ட இடத்தில்தான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பிறந்தவர். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. அவரும் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டார். இரவு சாப்பிடும்போது எனக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்தார். "உள்ளே நுழையும்போது போன்ழூர், வெளியே வரும்போது ஓ ரெவுவார். கடையில் எதுவும் வாங்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்தால் போன்சுவார். எந்த நேரத்திலிருந்து என்று குழம்பாதே, அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதையே திருப்பிச் சொல். போன் நுயி என்பது தூங்கப் போகிறவருக்கு மட்டும். அலோ தொலைபேசிக்கு மட்டும்."

அத்தை குறுக்கே வந்தார்: "சல்யூ என்று யாரிடமும் சொல்லிவிடாதே, அம்மா. அது நண்பர்களுக்குள்."

சனிக்கிழமை, லா ஷப்பேல் (பாரிஸ்)

இன்று முழுவதும் தமிழோடு கழிந்தது. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஃபோபூர் சேன்-தெனி தெருவில் ஏறி நடந்தால், கடைப் பலகைகள் தமிழில் பேசத் தொடங்குகின்றன. முருங்கைக்காய், மாசிக் கருவாடு, நகைக்கடை, புடவைக்கடை. பெரும்பாலும் ஈழத்திலிருந்து போர்க்காலத்தில் வந்தவர்கள் கட்டி எழுப்பிய கடைத்தெரு இது.

ஒரு மளிகைக் கடையில் அரை மணி நேரம் நின்றேன். என்னைக் கண்டதும் கடைக்காரர் "வாங்கோ தங்கச்சி" என்றார். அடுத்து வந்தவர் பிரெஞ்சுப் பெண்மணி. அவரிடம் அதே குரலில் "போன்ழூர், மதாம்". அதற்கடுத்து ஓர் ஆப்பிரிக்க முதியவர், அவருக்கும் "போன்ழூர், முசியே, ஸா வா (நலமா)?" என்று கொஞ்சம் கூடுதல் உரிமையோடு; வாடிக்கையாளராக இருக்க வேண்டும். ஒரே மனிதர் ஆளுக்கு ஏற்ற வாசலைத் திறப்பதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. தமிழில் உறவுமுறை சொல்லி அழைக்கிறோம். பிரெஞ்சில் முன்பின் தெரியாதவரை அண்ணன், அக்கா ஆக்க வழியில்லை. அந்த இடத்தை முசியேயும் மதாமும் நிரப்புகின்றன. வெறும் போன்ழூர் தவறில்லை. பின்னால் மதாம் சேர்ந்தால் அது அந்த ஆளுக்கே உரிய வணக்கமாகிறது.

இளம்பெண்களுக்கு முன்பு "மத்முவாசெல்" என்பார்கள். 2012 பிப்ரவரியில் பிரதமர் பிரான்சுவா ஃபியோன் அனுப்பிய சுற்றறிக்கையோடு அரசுப் படிவங்களிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. ஆணுக்கு ஒரே சொல் இருக்கையில், பெண்ணை மட்டும் மணமானவர், ஆகாதவர் என்று ஏன் பிரிக்க வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டு வந்த கேள்வி அது. கடைகளில் முதியவர்கள் சிலர் இன்னும் அன்பாகச் சொல்வதுண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் மதாம் என்றே சொல்லிவிடுவது நல்லது.

பழோல் தெருவில் உள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கும் போய்வந்தோம். கோடையின் முடிவில் இங்கிருந்து புறப்படும் தேரைப் பார்க்கப் பாரிஸ் நகரமே திரளும் என்றார் அத்தை.

திங்கட்கிழமை, பாரிஸ்

மாமாவோடு மருத்துவரிடம் போனேன். காத்திருப்பு அறையில் ஏழெட்டுப் பேர் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். மாமா உள்ளே நுழைந்ததும் யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல் "முசியே தாம், போன்ழூர்" (ஐயாமாரே, அம்மாமாரே, வணக்கம்) என்றார். எல்லாத் திசையிலிருந்தும் மெல்லிய முணுமுணுப்பாகப் பதில் வந்தது. பிறகு மறுபடி அமைதி. அடுத்து வந்தவரும் அப்படியே செய்தார். அப்போது நானும் சேர்ந்து முணுமுணுத்தேன். தெருவில் எதிரே வருகிறவருக்கோ மெட்ரோவில் பக்கத்தில் நிற்பவருக்கோ யாரும் வணக்கம் சொல்வதில்லை. சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். ஆனால் நான்கு சுவருக்குள் சில பேர் சேர்ந்திருக்க நேர்ந்தால் சொல்லியாக வேண்டும். மின்தூக்கிக்கும் இதே நியாயம். பஸ்ஸில் முன்கதவு வழியாக ஏறினால் ஓட்டுநருக்கும் உண்டு.

மருத்துவர் கதவைத் திறந்து, மாமாவின் பெயரை முசியேயோடு சேர்த்து அழைத்து, கை குலுக்கி உள்ளே கூட்டிப்போனார். இந்த ஊர்க் கைகுலுக்கல் சுருக்கமானது. ஒரு பிடி, ஓர் அசைவு, அவ்வளவுதான். மருத்துவரை "தொக்தர்" என்றும், வழக்கறிஞரை "மேத்ர்" என்றும், பாதிரியாரை "மோன் பேர்" என்றும் அழைக்கிறார்கள். ராணுவத்தில் மேலதிகாரி ஆணாக இருந்தால் "மோன் கப்பித்தேன்", பெண்ணாக இருந்தால் வெறும் "கப்பித்தேன்". இதைச் சொல்லும்போது மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது நடந்ததை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் கட்டடத்தின் மாடிப்படியை ஒரு பெண் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எழுபதைத் தாண்டிய மாமா நின்று, "போன்ழூர், மதாம், நலமாக இருக்கிறீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார். அவர் பயன்படுத்தியது "வூ", நம் நீங்கள். "த்யூ" என்ற நீயை அவரிடம் சொல்லவே முடியாது என்றார் மாமா. சொன்னால் அது அவமானம். உணவகத்தில் பரிமாறும் பையனுக்கும், குப்பை வண்டிக்காரருக்கும், பிடித்து நிறுத்தும் போலீஸ்காரருக்கும் வூதான். தெரியாத எந்தப் பெரியவருக்கும் வூ. பரிமாறுகிறவரைக் கூப்பிட "கார்சோன்" (பையா) என்று குரல் கொடுக்கும் வழக்கம் இப்போது இல்லை. "சில் வூ ப்ளே" என்று கையைச் சற்று உயர்த்தினால் வருகிறார்.

நீ, நீங்கள் என்ற பிரிவு நமக்குப் பிறவியிலேயே கைவந்தது. அதனால் த்யூவும் வூவும் ஆங்கிலேயரைவிட நமக்கு எளிது என்று நினைத்தே வந்தேன். இலக்கணம் எளிதுதான். ஆனால் நாம் நீங்களை வயது பார்த்து, வேலை பார்த்து, உடை பார்த்து அளந்து கொடுக்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் பாட்டியை நீ என்று கூப்பிடும் பத்து வயதுப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். யாரும் திருத்துவதில்லை. அந்தப் படிக்கட்டில் நின்றபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது, நெஞ்சை அடைத்தது.

1793-இல் புரட்சிக்காரர்கள் முசியே, மதாம், வூ மூன்றையும் ஒதுக்கிவிட்டு, குடிமகன், குடிமகள், த்யூ என்று எல்லாரையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். அது சில ஆண்டுகளுக்குமேல் நிலைக்கவில்லை. நிலைத்தது இதற்கு நேர்மாறான சமத்துவம், துடைப்பம் பிடித்தவரையும் முசியே, மதாம் என்று உயர்த்தும் வழி. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

இரவு, 2018 ஜூன் 18-இல் பாரிஸ் அருகே மோன் வலேரியன் போர் நினைவிடத்தில் நடந்ததைப் பற்றி மாமா பேசினார். குடியரசுத் தலைவர் மக்ரோனைப் பார்த்து ஒரு பள்ளி மாணவன் "ஸா வா, மனு?" என்று செல்லப் பெயரில் கேட்டுவிட்டான். "என்னை முசியே ல பிரசிதான் (குடியரசுத் தலைவர் அவர்களே) என்றோ முசியே என்றோ அழைக்க வேண்டும்" என்று மக்ரோன் அங்கேயே அவனைத் திருத்தினார். அந்தக் காட்சி நாடு முழுவதும் பேசப்பட்டது. போர்த் தியாகிகளின் நினைவிடத்தில் அப்படிப் பேசியது தவறு என்பது மாமாவின் கட்சி. பையனை மக்ரோன் த்யூ என்றாரே என்பது அத்தையின் கேள்வி. சிறுவர்களைப் பெரியவர்கள் த்யூ என்பது வழக்கம்தான், ஆனால் எத்தனை வயதுவரை என்பதில் இருவருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.

புதன்கிழமை, லியோன்

அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். டிக்கெட் பரிசோதகர் பெட்டிக்குள் வந்து முதலில் எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொன்னார். பிறகு ஒவ்வொரு இருக்கையிலும் தனித்தனியாகப் போன்ழூர், தனித்தனியாக மெர்சி.

மாமாவின் மகள் இங்கே ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மதியம் அவளைப் பார்க்கப் போனேன். சக ஊழியர்கள் எல்லாருமே த்யூ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள், மேலாளர் உட்பட. ஆனால் அந்த த்யூவை முதலில் கொடுக்கும் உரிமை மூத்தவருக்கோ மேலதிகாரிக்கோதான் என்று சொன்னாள். "நாம் த்யூ சொல்லிக்கொள்ளலாமா?" என்று அவர்கள் கேட்கும்வரை இளையவர் காத்திருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப எடுப்பதில்லை; மறுபடி வூ என்றால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். காலையில் போன்ழூர் சொன்னவரை மதியம் மறுபடி பார்த்தால் "ர-போன்ழூர்" என்கிறார்கள். முதல் வணக்கம் நினைவிருக்கிறது என்பதை அது தெரிவிக்கிறது. அதையே மறந்து வெறுமனே போன்ழூர் என்றால் காலையில் தன்னைக் கவனிக்கவே இல்லையா என்று எதிராளி நினைத்துக்கொள்வாராம்.

வெள்ளிக்கிழமை, மார்செய்

இங்கே கன்னத்தோடு கன்னம் வைக்கும் "பீஸ்" பற்றி எழுத வேண்டும். நம்மவர்கள் மிகவும் தயங்குவது இதற்குத்தான். நேற்று மாமா மகளின் தோழியர் வீட்டு விருந்துக்குப் போனபோது வாசலிலேயே தொடங்கியது. கன்னங்கள் லேசாகத் தொடும். உதட்டால் காற்றில் ஒரு சிறு ஓசை. உதடு தோலில் படாது. பாரிஸிலும் லியோனிலும் இரண்டு. மோன்பெலியே பக்கம் மூன்று. லுவார் ஆற்றுப் பக்கம் நான்கு தரும் ஊர்கள் உண்டு. பிரெத்தாஞ் மேற்குக் கோடியில், பிரெஸ்த் பக்கம், ஒன்றோடு நிறுத்துவதும் உண்டு. எந்தக் கன்னத்தில் தொடங்குவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். பிரெஞ்சுக்காரர்களே வேறு மாவட்டத்துக்குப் போனால் ஒரு நொடி தடுமாறுகிறார்கள். தெற்கில் ஆண்களுக்குள்ளும் இது சாதாரணம்.

2020 பிப்ரவரியில் கொரோனா பரவத் தொடங்கியபோது சுகாதார அமைச்சர் ஒலிவியே வெரான் இதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அலுவலகங்களில் இது குறைந்துவிட்டது என்றும், குடும்பத்துக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும் திரும்பி வந்துவிட்டது என்றும் விருந்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

எனக்கு அது வழக்கமில்லை. அதனால் வாசலில் நுழையும்போதே முகத்தில் மலர்ச்சியோடு கையை முன்னால் நீட்டி "போன்சுவார், ஆன்ஷாந்தே" (மாலை வணக்கம், சந்தித்ததில் மகிழ்ச்சி) என்றேன். எல்லாரும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் முகமும் சுருங்கவில்லை. தயங்கித் தயங்கிப் பின்வாங்கினால்தான் எதிராளிக்குச் சங்கடம். கை முதலில் நீண்டுவிட்டால் முறை தெளிவாகிவிடுகிறது. வரும் தமிழ்ப் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் விருப்பத்துக்கு இங்கே மதிப்பு உண்டு, கையை நீட்டுங்கள்.

விருந்தில் விடக்கூடாதது வேறொன்று. கூடத்தில் பதினைந்து பேர் இருந்தாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போய் வணக்கம் சொல்ல வேண்டும். கதவருகே நின்று மொத்தமாகக் கும்பிடு போடுவது இங்கே செல்லாது. கிளம்பும்போதும் அதே சுற்று. அதனால் கிளம்புகிறேன் என்று சொன்னதற்கும் உண்மையில் கிளம்பியதற்கும் நடுவே அரை மணி நேரம் ஓடிவிட்டது.

இந்தக் கடற்கரையில் கிழக்கே போனால் வரும் நீஸ் நகரில், 2013-இல் ஒரு காபிக் கடை வைத்த விலைப்பலகை உலகச் செய்தியானது. வெறுமனே "ஒரு காபி" என்று கேட்டால் 7 யூரோ. "ஒரு காபி, சில் வூ ப்ளே" என்றால் 4.25. "போன்ழூர், ஒரு காபி, சில் வூ ப்ளே" என்றால் 1.40. வேடிக்கைக்காக வைத்ததுதான், யாரிடமும் ஏழு யூரோ வாங்கவில்லை. ஆனாலும் விருந்தில் இதைச் சொன்ன பெண் பத்து வருடம் உணவகத்தில் பரிமாறியவர். சொல்லும்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. போன்ழூர் சொல்லாமல் கேட்கிறவர்கள் தன்னை ஓர் இயந்திரமாக நடத்துவதாகவே தோன்றும் என்றார்.

சனிக்கிழமை, கலாங்க்

மார்செய் ஓரத்துப் பாறைக் கடற்குடாக்களைக் கலாங்க் என்கிறார்கள். லுய்மினி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து அவற்றில் ஒன்றான சுயிழித்தோனுக்கு நடந்தோம். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, கீழே பச்சை நீலக் கடல், காற்றில் பைன் மணம். 2012 முதல் இது தேசியப் பூங்கா. நகரத் தெருவில் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத அதே மக்கள், இந்த மலைப்பாதையில் எதிரே வரும் ஒவ்வொருவருக்கும் போன்ழூர் சொல்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவரும் சொல்கிறார். குழந்தையும் சொல்கிறது. இறங்குகிறவர்கள் நமக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சேர்த்துச் சொல்லி "போன் குராழ்" என்று தைரியம் கொடுத்துப் போகிறார்கள். பாறை நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்தைக் கடந்தபோது "போன் அப்பேத்தி" (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்றேன். நான்கு வாய்களும் நிறைந்திருந்ததால் நான்கு கைகள் அசைந்தன. கால் வலி தீரும்வரை கீழே கடலில் நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை, லியோன்

மாமாவும் அத்தையும் பாரிஸிலிருந்து வந்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டில் மதிய விருந்து. மாமா மகளின் கணவர் பிரெஞ்சுக்காரர், அவருடைய பெற்றோர் லியோன் புறநகரில் இருக்கிறார்கள். பூங்கொத்தோடு போனோம். வாசலில் போன்ழூர், பீஸ், கைகுலுக்கல் எல்லாம் கலந்து நடந்தன. ஆறு வயதுப் பேத்தி அத்தையின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தாள். "மதாமுக்குப் போன்ழூர் சொல்" என்று அவள் அப்பா என்னைக் காட்டிச் சொன்னார். சொல்லாமல் விளையாடப் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும், சொல்லிவிட்டு ஓடினாள். சில் வூ ப்ளேயை இங்கே குழந்தைகளுக்கு "மந்திரச் சொல்" என்று பழக்குகிறார்கள். தட்டை நீட்டினால் "மந்திரச் சொல் எங்கே?" என்று கேட்பார்கள். வந்த பிறகுதான் இனிப்பு.

அந்தக் குழந்தையை நான் விருந்து முழுவதும் கவனித்தேன். மாமாவிடம் தமிழில் பேசும்போது "தாத்தா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறாள். அடுத்த நொடி பிரெஞ்சில் பேசும்போது அதே தாத்தாவுக்கு த்யூ. பிரெஞ்சுத் தாத்தா பாட்டிக்கும் த்யூதான். இங்கே குடும்பத்துக்குள் வயது பார்ப்பதில்லை. நெருக்கம் இருந்தால் த்யூ. கத்தோலிக்கர்கள் 1966 முதல் தங்கள் முதன்மையான ஜெபத்தில் கடவுளையே த்யூ என்கிறார்கள், அதற்கு முன்பு வூ. முருகனை நீ என்றே பாடிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. தாத்தாவை நீ என்பதுதான் காதில் இடறுகிறது. மாமாவுக்கு இடறவில்லையாம். "அவள் இரண்டு வீட்டுப் பிள்ளை. அந்தந்த வீட்டு முறைப்படி பேசுகிறாள்" என்றார்.

மருமகன் விஷயத்தில்தான் மாமா அசையவில்லை. இங்கே மருமகனோ மருமகளோ தொடக்கத்தில் மாமனார், மாமியாரை வூ என்பது உண்டு. பிறகு பெரியவர்கள் த்யூவைக் கொடுப்பார்கள். மாமா மகளுக்கு அவள் மாமியார் முதல் ஞாயிறன்றே கொடுத்துவிட்டார். மாமாவோ இன்றுவரை கொடுக்கவில்லை. அவர் மருமகனை வூ என்கிறார், மருமகனும் அவரை வூ என்கிறார். பத்து வருடத்துக்குப் பிறகும் இப்படி விலகி நிற்கலாமா, எங்கள் பிள்ளைமேல் ஏதாவது வருத்தமா என்று சம்பந்தி அம்மாள் இன்று நேரடியாகவே கேட்டுவிட்டார். மேசையில் பேச்சு நின்றது.

மாமா நாப்கினை மடித்து வைத்துவிட்டுப் பிரெஞ்சில் விளக்கினார். எங்கள் ஊரில் மகளைக் கட்டியவரை மாமனார் ஒருபோதும் நீ என்று சொல்ல மாட்டார், எவ்வளவு சின்னப் பையனாக இருந்தாலும் "வாருங்கள் மாப்பிள்ளை, உட்காருங்கள்" என்றுதான் சொல்வார், என் அப்பா என் அக்காள் கணவரிடம் அப்படித்தான் பேசினார், நான் தமிழில் கொடுக்கும் மரியாதையைப் பிரெஞ்சில் எப்படிக் குறைப்பேன் என்றார். சம்பந்தி அம்மாள் சிறிது நேரம் யோசித்தார். பிறகு மகனிடம் திரும்பி, உனக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அவர். "அதனால்தான் நானும் கேட்கவில்லை, அம்மா. இவர் என்னை வூ என்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது."

அத்தை பாலாடைக்கட்டித் தட்டைச் சம்பந்தி பக்கம் நகர்த்தினார். அவர்கள் இருவரும் எப்போதிருந்தோ த்யூதான்.